நாலாவது மாடியின் ஆறாவது நோயாளி

அக்டோபர் 6, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதம் சும்மா கிடந்தது. இன்று இதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் தாட்சாயணி. நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று மேனேஜர் குற்றாலிங்கம் புதிதாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். முப்பது வயது இருக்கும். செங்கல்பட்டுப் பக்கம். பத்தொன்பது வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியைச் சுத்தம் பண்ணுகிற எனக்கு, துடைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாள். அவள் சொல்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் 'சூப்பர்வைசர் உலகம்மாள்தான் காரணம்' என்று என் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அப்போது எடுத்து நீட்டுவேன்.

விஷயம் இதுதான். மேற்குப் பக்கம் 403, 405 இரண்டு அறையிலும் ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, பதினைந்து தடவை. சோதித்துப் பார்த்ததில் இருவருக்கும் ஒரே கிருமி. நோயாளியின் வயிற்றிலிருந்து கட்டிலுக்கு வந்து, கட்டிலிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய், கையிலிருந்து வாய்க்குப் போகிறதாம்.

காலை அட்டெண்டன்ஸில் என் ஆட்கள் ஆறு பேரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள். "இது சாதாரணக் கிருமி இல்ல. தன்னைச் சுத்தி ஓடு கட்டிக்கிட்டு விதை மாதிரி தூங்கும். கட்டில் கம்பியில மாசக்கணக்குல உசுரோட கிடக்கும். கையில தடவுற ஸ்பிரிட்டுக்கும் சாகாது, ஃபினாயிலுக்கும் சாகாது. முதல்ல சோப்புத் தண்ணியில அழுக்கை எடுக்கணும். அப்புறம் ஹைப்போ. தடவின இடம் பத்து நிமிஷம் ஈரமாவே இருக்கணும். காஞ்சா மறுபடி தடவணும்."

ஹைப்போ என்பது குளோரின் தண்ணீர். அதை இவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? "பதினாறு ரூம் இருக்கு சிஸ்டர். ரூமுக்குப் பத்து நிமிஷம் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா மத்த வேலைய யாரு செய்வா?" என்று கேட்டேன்.

"நீங்க நிக்க வேணாம்மா. ஈரம்தான் நிக்கணும்" என்றாள். ரெஜினா சிரித்தாள். அவள் சிரித்ததைக் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ரெஜினாவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். கிழக்குப் பக்கம் 409 முதல் 416 வரை அவள் பொறுப்பு. வந்து மூன்று வருடம்தான். பிளஸ் டூ படித்தவள். மேனேஜருக்கு அவள் மேல் ஒரு கண். நல்ல விதமாகத்தான் சொல்கிறேன்: எனக்கு ஐம்பத்து நான்கு ஆகிறது, அடுத்து யார் என்று அவர் யோசிக்கிறார். யோசிக்கட்டும். நான் இன்னும் சாகவில்லை.

போன புதன்கிழமை ஆயுத பூஜை. வருடா வருடம் நான்தான் எங்கள் மாடியில் பூஜை வைப்பேன். டிராலி, சக்கர நாற்காலி, டிரிப் ஸ்டாண்டு, கட்டில்களின் பக்கக் கம்பி, எல்லாவற்றுக்கும் என் கையாலேயே சந்தனம், குங்குமம். அந்தப் பொட்டு தானாக உதிர்கிற வரைக்கும் யாரும் அழிப்பதில்லை. துணி கொண்டு போனால் அதை விட்டுச் சுற்றித்தான் துடைப்போம். இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. சாமிக்கு வைத்ததைச் சாமி எடுக்கட்டும் என்று விடுவதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கிழக்குப் பக்கம் ஒரு கட்டிலில்கூடச் சந்தனம் இல்லை. எட்டுக் கட்டிலும் பளிச்சென்று இருக்கின்றன. அட்டெண்டன்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஏட்டி, உனக்குச் சாமி இல்லன்னா எங்களுக்கும் இல்லையா?"

"அப்படி இல்லக்கா. கம்பில பிசுபிசுன்னு இருந்துச்சு, ஈ மொய்ச்சிச்சு. தொடைச்சேன்."

"பிசுபிசுன்னா இருந்துச்சு? சந்தனத்தப் போயி அழுக்குங்கிற. கோவிலுக்குப் போனா செருப்ப வெளியே போடத் தெரியும்லா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள். கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அக்டோபர் 9, வியாழன்

406க்கும் வந்துவிட்டது. மூன்றாவது ஆள். குடல்வால் ஆபரேஷன் பண்ணிய காலேஜ் பையன்.

கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம் ஈரமாக வைக்கிறோம். கூட இருக்கிறவர்கள் வாசனை தாங்கவில்லை, கண் எரிகிறது என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். அவர்களைத் தாட்சாயணியிடம் அனுப்பிவிடுகிறேன். என் விரல் நுனியெல்லாம் உரிந்து கிடக்கிறது. ரசம் சோறு பிசைந்தால் எரிகிறது. வீட்டுக்காரர், "உன் சேலைய எந்தப் பக்கமும் போடாத, வீடெல்லாம் ஆஸ்பத்திரி நாத்தம்" என்கிறார். அந்த நாற்றத்தில்தான் இந்த வீடு நடக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டார், கேஸ் சிலிண்டரையும் நானே தூக்க வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

ஹைப்போ சுற்றிச் சுற்றிப் பட்டு மேற்குப் பக்கப் பொட்டெல்லாம் ஓரம் வெளுத்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து, பழையதன் மேலேயே புதுச் சந்தனம் குழைத்து வைத்தேன். இனி ஒவ்வொரு வெள்ளியும் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். மாடிக்குப் பிடித்த பீடை போகட்டும்.

கிழக்குப் பக்கமும் வைக்கப் போனேன். ரெஜினா 410 வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, வச்சா நான் தொடைப்பேன். சொல்லிட்டேன், பெறகு என்ன ஏசக்கூடாது" என்றாள். நோயாளியின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தோடு திரும்பி வந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று நான் ஜெயித்தேன். தாட்சாயணி எங்களுக்குத் தெரியாமல் சனிக்கிழமை கட்டில் கம்பி, மேஜை, கதவுப் பிடி, கக்கூஸ் குழாய் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பசையைத் தடவி வைத்திருக்கிறாள். சரியாகத் துடைத்திருந்தால் அது போயிருக்க வேண்டும். துடைக்காத இடத்தில் ஊதா விளக்கு அடித்தால் மின்னும். விளக்கோடு ஒவ்வொரு அறையாகப் போனாள், நான் பின்னாலேயே போனேன். நாற்பத்தெட்டு இடத்தில் நாற்பத்தாறு இடம் சுத்தம்.

"நல்லாச் செஞ்சிருக்கீங்கம்மா" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை. "அப்ப எங்கிருந்து வருது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அது அவள் பாடு. சம்பளம் வாங்குகிறாளே.

அக்டோபர் 16, வியாழன்

402. நாலாவது ஆள்.

மேனேஜர் என்னையும் தாட்சாயணியையும் கூப்பிட்டார். இன்னும் ஒருவருக்கு வந்தால் விஷயம் பத்திரிகைக்குப் போகும், அதற்கு முன்னால் தப்பு செய்தவரை வெளியே அனுப்பியாக வேண்டும் என்றார். "யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும் உலகம்மா. நீயா, உன் ஆளான்னு நீயே பாத்துச் சொல்லு."

நான் விதிப்படி செய்கிறேன். ஊதா விளக்கே சாட்சி. அப்படியானால் யார்? மேற்குப் பக்கம் துடைக்கிற பேச்சித்தாய் லீவு போட்ட மூன்று நாளும் அங்கே வேலை பார்த்தது ரெஜினா. அதை மட்டும் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

"ரெஜினா பக்கத்துல ஒரு கேஸ்கூட இல்லையே" என்றாள் தாட்சாயணி.

"அதுதான் சிஸ்டர். தன் பக்கம்னா பாத்துப் பாத்துச் செய்வா. அடுத்தவ பக்கம்னா அவளுக்கென்ன" என்றேன். மேனேஜர் தலையாட்டினார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. டூட்டி. முறுக்கு நமுத்துவிட்டது.

அக்டோபர் 22, புதன்

404. ஐந்தாவது.

மேனேஜர் எழுதிக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: மேற்குப் பக்கம் வேலை பார்த்த நாட்களில் ரெஜினா மருந்து தடவிப் பத்து நிமிடம் காத்திருக்கவில்லை, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டாள். கையெழுத்தும் போட்டேன்.

நான் அதைக் கண்ணால் பார்த்தேனா என்றால், பார்த்த மாதிரிதான். அவசரக்காரி. நாலரை மணிக்கு மகள் டியூஷன் முடிந்து வந்துவிடுவாள் என்று மூன்றரைக்கே கடிகாரத்தைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் பத்து நிமிடம் நிற்பாளா?

மதியமே அனுப்பிவிட்டார்கள். சீருடையை மடித்து என் மேஜையில் வைத்தாள். புருஷன் இல்லாதவள். மகள் பத்தாவது படிக்கிறாள். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க எழுதினத மேனேஜர் வாசிச்சுக் காட்டினாரு. என்னைக்கு, எந்த ரூம்ல பாத்திய?" என்றாள்.

"எனக்கு எதுக்குத் தேதி? பாத்தேன்."

"ஒரு நாளாவது சொல்லுங்கக்கா."

அட்டெண்டன்ஸ் நோட்டைப் புரட்டினேன். அவள் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அக்டோபர் 24, வெள்ளி

கிழக்குப் பக்கத்தைப் பேச்சித்தாயிடம் கொடுத்துவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்பாள். மேற்குப் பக்கச் சக்கர நாற்காலிகளையும் டிரிப் ஸ்டாண்டுகளையும் இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பிரித்தேன். அங்கே அதிகம், இங்கே குறைவு என்று இத்தனை நாள் ரெஜினாதான் முனகிக்கொண்டிருந்தாள். 405 கட்டிலின் பின்சக்கரம் சுற்றவில்லை, 411 கட்டிலைக் கொண்டுபோய் அங்கே போட்டு, சக்கரம் மாற்றிய 405 கட்டிலை 411க்குத் தள்ளினோம். எல்லாக் கட்டிலுக்கும் சந்தனம் வைத்தேன். பழைய பொட்டு இருந்த இடத்தில் அதன் மேலேயே, இல்லாத இடத்தில் புதிதாக. இன்றுதான் மாடி முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறது. மனது நிறைந்தது.

சாயங்காலம் 411க்கு ஒரு அம்மா வந்தார். கோமதி அம்மாள், எழுபது வயது, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷனுக்காக. கணவர் சங்கரநயினார், தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். கட்டிலைப் பார்த்ததும் அந்த அம்மா, "இங்க ஆஸ்பத்திரிலயும் சாமி இருக்காரே" என்று சிரித்தார். நான் வைத்தது என்று சொன்னேன். இந்த ஆஸ்பத்திரியில் நான் செய்ததைப் பார்த்து ஒருவர் முகம் மலர்ந்து எத்தனை மாதம் ஆயிற்று.

அக்டோபர் 30, வியாழன்

ஒரு வாரமாகப் புதிதாக யாருக்கும் இல்லை. மேனேஜர் வராந்தாவில் என்னைப் பார்த்து, "சரியான ஆளத்தான் காட்டியிருக்க" என்றார். தாட்சாயணி கேட்டுக்கொண்டே போனாள். அவள் கேட்க வேண்டும் என்றுதான் நானும் சத்தமாக, "சரி சார்" என்றேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினேன்.

நவம்பர் 3, திங்கள்

கோமதி அம்மாளுக்குக் காலையிலிருந்து போகிறது. ஒன்பது தடவை. ஆபரேஷன் நன்றாக முடிந்து, நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

சாப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். மகன் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கொண்டுவந்ததை நானே பார்த்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

சாப்பாடு இல்லை. அதே கிருமி. ஆறாவது.

நவம்பர் 5, புதன்

தாட்சாயணி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மாடியின் படத்தைச் சுவரில் ஒட்டிக் காட்டினாள். மேற்கில் ஐந்து சிவப்புப் புள்ளி. கிழக்கில் ஒன்று, நேற்றையது.

"ரெஜினா இருந்த வரைக்கும் கிழக்குல ஒண்ணும் இல்ல. அவங்க போய்ப் பன்னெண்டு நாள்ல வந்துடுச்சு. அவங்க செய்யாத எதையோ நீங்க செய்றீங்க. இல்லைன்னா நீங்க செய்யாத எதையோ அவங்க செஞ்சிருக்காங்க. என்னம்மா மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல. ஆள மாத்தினோம், அவ்வளவுதான்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கட்டில் ஒண்ணு மாறிச்சு. சக்கர நாற்காலி மாறிச்சு. எல்லாத்தையும் ரெண்டு தரம் ஹைப்போ போட்டுத்தான் தள்ளினோம். நீங்களே விளக்கு அடிச்சுப் பாருங்க."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பஞ்சுக் குச்சி டப்பாவை எடுத்துக்கொண்டு போய், 411இல் ஒவ்வொரு சாமானையும் தடவி எடுத்தாள். கட்டில் கம்பிக்கு வந்ததும் நின்றாள். சந்தனத்துக்குப் பக்கத்தில் தடவி ஒரு குச்சியைப் போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு குச்சியை எடுத்துச் சந்தனத்தையே சுரண்டினாள்.

நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். கோபத்தில்தான்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று சந்தனம் வைக்கவில்லை. கட்டை தேய்க்க நேரமில்லை.

நவம்பர் 8, சனி

கோமதி அம்மாளுக்கு வயிறு வீங்கிவிட்டது. ஐசியூவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சங்கரநயினார் வராந்தா பெஞ்சில் வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். "நீங்க போயி வேலையப் பாருங்க தாயி" என்றார்.

நவம்பர் 10, திங்கள்

கோமதி அம்மாள் காலை ஆறு மணிக்குப் போய்விட்டார்.

நவம்பர் 12, புதன்

வெளி லேபிலிருந்து முடிவு வந்துவிட்டது. 411இல் மேஜையில் இல்லை, கதவுப் பிடியில் இல்லை, கக்கூஸில் இல்லை. சந்தனத்துக்குப் பக்கத்துக் கம்பியிலும் இல்லை. சந்தனத்தில் இருக்கிறது.

தாட்சாயணி கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள். நோயாளியின் கை கம்பியைப் பிடிக்கும், துடைக்கிறவர்களின் கையும் பிடிக்கும். கையிலிருந்து கிருமி சந்தனத்தில் ஒட்டும். நாங்கள் அதைச் சுற்றித் துடைப்போம். அதன் மேல் புதுச் சந்தனம் வைப்போம். உள்ளே பத்திரமாக இருக்கும். அடுத்த நோயாளி வருவார், கம்பியைப் பிடிப்பார். மேற்கே இருந்த 405 கட்டிலைக் கிழக்கே 411க்குத் தள்ளியது நான்தான்.

"அப்ப ரெஜினா பக்கம்..." என்றேன்.

"அவங்க தினம் துடைச்சு எடுத்திருக்காங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. "நீங்க நாப்பத்தெட்டு எடத்துல பசை தடவுனீங்களே. அதுல ஒண்ணுகூடச் சந்தனத்து மேல இல்லையே, ஏன்?"

"பார்த்தேன்மா. முதல் நாளே பார்த்தேன். கையை வைக்க மனசு வரல. எங்க வீட்லயும் அழிக்க மாட்டாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. என்னை மாதிரியே அவளும் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

மாடி முழுவதும் சுரண்டி எடுத்தோம். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ஹைப்போ, பத்து நிமிடம். 411ஐ நானே செய்தேன். சந்தனம் கம்பியின் அடிப்பக்கம் வரைக்கும் வழிந்து காய்ந்து, அடுக்கடுக்காக இருந்தது. நகத்தால்தான் வந்தது.

மேனேஜர், இது வெளியே போகக்கூடாது, ஊர்க்காரர்கள் சாமி விஷயமாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். சங்கரநயினார் குடும்பத்துக்கு, வயதான உடம்பு, தாங்கவில்லை என்று சொல்லியாயிற்றாம். "நீ போயி ரெஜினாவக் கூட்டிட்டு வா. காரணம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆள் பத்தல, கூப்பிட்டாங்கன்னு சொல்லு."

நவம்பர் 15, சனி

ரெஜினா வீடு மேலப்பாளையம் தாண்டி. ஓட்டு வீடு. அவள் வீட்டில் இல்லை, ஜவுளிக்கடையில் கூட்டிப் பெருக்கப் போயிருந்தாள். மகள் என்னை உட்காரச் சொல்லவில்லை. யார் என்று தெரிந்திருக்கும். ஒரு மணி நேரம் வாசலில் நின்றேன்.

வந்தாள். ஆள் பத்தவில்லை, கூப்பிட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதுக்கு நீங்க எதுக்கு வாரிய? போன் போட்டாப் போதுமே."

அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன், கட்டிலைத் தள்ளியதைச் சொன்னேன், கோமதி அம்மாளைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தது எதையும் நான் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அவள் கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"என்ன மன்னிச்சிரு ரெஜினா."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். என்னைய ஏசினது அஞ்சு பேரு முன்னால. எம் மவ பள்ளிக்கூடத்துல, உங்கம்மா ஆஸ்பத்திரிச் சனத்த சாவடிச்சிட்டாளாமேன்னு கேட்டிருக்காவ. அவ ஒரு வாரமா பள்ளிக்கூடம் போகல. நீங்க அட்டெண்டன்ஸ்ல எல்லாரு முன்னாலயும் இதச் சொல்லணும். சொன்னா வாரேன். இல்லன்னா ஜவுளிக்கடையே போதும்."

சொல்கிறேன் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 17, திங்கள்

சொன்னேன். அட்டெண்டன்ஸ் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, இங்கே எழுதிய மாதிரியே முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். பேச்சித்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தாட்சாயணி தானும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததைச் சொன்னாள். அதை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

முடிந்தது, இனி மூச்சு விடலாம் என்று நினைத்தேன். கதவோரம் வந்து நின்றிருந்த ரெஜினா கேட்டாள். "நானூத்திப் பதினொண்ணு அம்மா வீட்டுக்காரருக்கு யாரு சொல்லுவா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வயசாயிப் போச்சுன்னு அவர ஏமாத்தியிருக்கிய. அவரு பொண்டாட்டி எதனால செத்தான்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"நான் சொல்லுதேன்" என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மேனேஜர் கத்தித் தீர்த்தார். சூப்பர்வைசர் வேலை ரெஜினாவுக்கு. எனக்கு மேற்குப் பக்கம் எட்டு அறை. வேண்டாம் என்றால் போகலாம் என்றார். இருக்கிறேன் என்றேன்.

நவம்பர் 19, புதன்

மகாராஜநகரில் வீடு. போகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

சங்கரநயினார் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தாயி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மருமகள் காப்பி கொண்டுவந்தாள். கோமதி அம்மாள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உங்களப் பாத்து ஒரு நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். படுக்கையில கெடந்தவளுக்கு, கோவிலுக்குப் போக முடியலையேன்னு ஒரே குறை. நீங்க கட்டில்ல சந்தனம் வச்சிருந்தியள்லா. நான் தெனமும் காலைல குளிச்சிட்டு வந்து, விரல்ல தண்ணி தொட்டு அதக் கரைச்சு, அவ நெத்தியில வச்சு விடுவேன். பிரசாதம்னு நாக்குலயும் ஒரு துளி கேப்பா. வைப்பேன். அதுல அவளுக்கு அவ்வளவு நிம்மதி. கடைசி வரைக்கும் சந்தோசமாத்தான் இருந்தா. எங் கையால அதையாவது செஞ்சேன்னு எனக்கும் ஒரு ஆறுதல்."

வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். வயதான விரல், நகம் சுத்தமாக வெட்டியிருந்தது.

அழுதேன். அவரும் அழுதார். நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

கிளம்பும்போது, "எதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே தாயி?" என்றார்.

"இல்லங்கய்யா. பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

நவம்பர் 20, வியாழன்

அட்டெண்டன்ஸில் ரெஜினா என் பெயரைக் கூப்பிட்டாள். இருக்கிறேன் என்றேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மகாராஜநகர் போனீங்களா?"

"போனேன்."

"சொன்னீங்களா?"

ஏன் சொல்லவில்லை என்பதை அவளிடம் சொன்னால், பேச்சித்தாய் கேட்பாள், பேச்சித்தாய் கேட்டால் மாடி கேட்கும், மாடி கேட்டால் ஒரு நாள் அந்தக் கிழவர் காதுக்கும் போகும். தன் விரலைப் பார்த்துக்கொண்டே அவர் மிச்ச நாளைக் கழிக்க வேண்டியிருக்கும்.

"சொல்லல" என்றேன்.

"தெரியும்" என்றாள் ரெஜினா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. யாரோ 'சீ' என்றார்கள். தாட்சாயணிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நானூத்திரெண்டு காலியாயிருக்கு. போயித் தொடைங்க."

போய்த் துடைத்தேன்.